கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "எனக்கு வயது இருபத்திரண்டு. பழைய தமிழ்ப் படங்களை இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. மெதுவாக நகர்கின்றன. எல்லோரும் மேடையில் நின்று பேசுவதுபோலவே பேசுகிறார்கள். இவற்றைக் கொண்டாடுகிறவர்கள் உண்மையில் தங்கள் இளமையைத்தானே கொண்டாடுகிறார்கள்? இல்லை, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?"

இளமையைக் கொண்டாடுகிறார்கள் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அதில் ஒரு கள்ளக்கணக்கும் உண்டு. அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த பத்துப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை வந்த ஏதோ ஒரு படத்தோடு ஒப்பிட்டு, "அந்தக் காலம் மாதிரி வருமா?" என்பார்கள். 1950களிலும் 60களிலும் வாரம் தவறாமல் வந்துபோன சுமாரான படங்கள் யார் ஞாபகத்திலும் இல்லை. பலவற்றுக்குப் பிரதிகூட மிஞ்சவில்லை. 1931இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. அதற்கே இன்று பிரதி கிடையாது. காலம் சலித்துக் கொடுத்த அரிசியையும் இன்றைக்குக் களத்தில் கிடக்கும் நெல்லையும் ஒன்றாக அளந்தால் கணக்கு எப்படிச் சரிவரும்?

ஆனால் 'மெது' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். 1952இல் வந்த 'பராசக்தி' மெதுவான படமா? மூச்சுவிட இடம் தராமல் பேசிக்கொண்டே இருக்கிற படம் அது. இருபதாவது நிமிடத்தில் உங்கள் கை கைப்பேசியைத் தேடுகிறது என்றால், உங்கள் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை என்று அர்த்தம். காதுக்கு வேலை இருக்கிறது, ஏராளமாக. அந்த வேலையை நீங்கள் செய்யவில்லை.

நான் பல பழைய படங்களை முதலில் ஒரு தையல் கடையில்தான் 'பார்த்தேன்'. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப்படத்தின் ஒலித்தடத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிபரப்புவது. தையல்காரருக்குக் கண் ஊசியில், கால் மிதியில், காது படத்தில். சோகக் கட்டம் வந்தால் மிஷின் மெதுவாகும். கோர்ட் சீன் வந்தால் நின்றேவிடும். நூல் கோக்கிற சாக்கில் வசனத்தைக் கூடவே முணுமுணுப்பார். பல வருடம் கழித்து அதே படங்களைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. தையல் கடையிலேயே முக்கால்வாசிப் படம் எனக்குக் கிடைத்திருந்தது.

அது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. தமிழ்நாட்டில் பாட்டு இசைத்தட்டோடு கதை வசன இசைத்தட்டும் விற்றது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கி கட்டி 'திருவிளையாடல்' வசனத்தைப் போட்டுவிட்டால், பந்தியில் இலைபோடுகிறவர்கூட தருமியின் பங்கைக் கூடவே சொல்வார். 1984இல் வந்த 'விதி' படத்தின் வசனக் கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியது. படம் என்பது வீட்டுக்கு எடுத்துவந்து கேட்கிற ஒரு பொருளாகவும் இருந்தது.

இதிலிருந்து நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பழசோ புதுசோ, ஒரு படத்தில் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதை இழக்கிறேன்? ஒன்றும் இழக்கவில்லை என்றால் அது காதுப் படம். பாதிக் கதை கைநழுவினால் கண் படம். இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஆனால் காதுப் படத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் தூக்கம் வரும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்குக் காரணங்கள் உண்டு. நம் முதல் தலைமுறை நடிகர்கள் பெரும்பாலும் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரைக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். அந்தத் தொண்டைதான் சினிமாவுக்கு வந்தது. ஆரம்பப் பேசும் படங்களில் பின்னணிப் பாடகர் என்ற ஏற்பாடே கிடையாது. பாடத் தெரிந்தவரே நடிகர், எம்.கே. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அப்படித்தான் நட்சத்திரங்கள் ஆனார்கள். கேமராவோ கனமானது, சத்தம் போடுவது. அதைப் போர்த்தி, ஸ்டுடியோத் தளத்தில் நிறுத்தி, மைக் எட்டும் தூரத்தில் நடிகரை நிற்கவைத்தாக வேண்டும். அப்படி நிற்கிற ஆளுக்குச் செய்ய என்ன இருக்கிறது? பேச வேண்டியதுதான். இளங்கோவன் 'அம்பிகாபதி', 'கண்ணகி' படங்களில் வசனத்துக்கு ஓர் இலக்கிய மிடுக்கைக் கொண்டுவந்தார். அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யும் கருணாநிதியின் 'மந்திரி குமாரி'யும் அதை அரசியல் மேடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தன.

'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். குணசேகரன் தன்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களை மறுப்பதில்லை. ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட அடுத்த மூச்சிலேயே, எதற்காகச் செய்தேன் என்று அதைப் புரட்டிப்போடுகிறான். ஆமாம், ஆனால், ஆமாம், ஆனால். ஒரு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி விழுவதுபோல் அந்த வாக்கியங்கள் விழுகின்றன. முதல் படத்தில் நடிக்கும் சிவாஜி கணேசன் எங்கே குரலைத் தாழ்த்துகிறார், எந்தச் சொல்லை இழுத்து அடுத்ததைச் சட்டென்று வெட்டுகிறார் என்று கவனித்தால், இதை 'ஓவர் ஆக்டிங்' என்று ஒதுக்க முடியாது. ஒரு பாடகர் ராகத்தைக் கொண்டுபோகிற மாதிரி அவர் ஒரு பத்தியைக் கொண்டுபோகிறார். எனக்கு அந்தப் படத்தில் கசப்புகளும் உண்டு. குணசேகரனின் தங்கை கல்யாணியின் துயரத்தை அடுக்கிக்கொண்டே போவது ஒரு கட்டத்துக்கு மேல் சித்திரவதை. ஆனால் அது வேறு புகார்.

அதற்காகப் பழசு எல்லாமே காதுப் படம் என்று நினைத்துவிட வேண்டாம்.

'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில், 1954இல், 'அந்த நாள்' வந்தது. ஏவிஎம் தயாரிப்பு, வீணை எஸ். பாலசந்தர் இயக்கம். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். 1943, ஜப்பான்காரன் சென்னைமேல் குண்டு போட்ட சமயம். துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. சுடப்பட்டுச் செத்து விழுவது யார் என்று பார்த்தால், ராஜனாக நடிக்கும் சிவாஜி! கதாநாயகன் முதல் காட்சியிலேயே காலி. அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, மனைவி என்று ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்த ராஜனைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவன் முகம் வேறாக இருக்கிறது. நிழலும் கதவும் மாடிப்படியும் இங்கே கதை சொல்கின்றன. கண்ணை மூடினால் இழப்பீர்கள். வந்த புதிதில் படம் பெரிதாக ஓடவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்த காதுகள் ஏமாந்திருக்கும். இன்றைக்கு உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் படம் சட்டென்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் பண்டரிபாய் பேசுகிற தேசபக்திப் பகுதி மட்டும் கொஞ்சம் நெளியவைக்கும்.

இன்னொன்று, எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற ஒரு காட்சி. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை', 1964. சினிமா எடுத்தே தீருவேன் என்று அலைகிற நாகேஷ், பணக்கார அப்பா பாலையாவிடம் பேய்க்கதை ஒன்றைச் சொல்கிறார். ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா. இந்தக் காட்சியை நான் இரண்டு தடவை பார்க்கச் சொல்வேன். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு. இருட்டு, காற்று, காலடி, அலறல் என்று நாகேஷ் வாயாலேயே ஒரு முழுப் பேய்ப்படத்தின் ஒலித்தடத்தைப் போடுவது கேட்கும். இரண்டாவது தடவை ஒலியைச் சுத்தமாக நிறுத்திவிட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள். அவருக்கு வசனம் ஏறக்குறைய இல்லை. பையன் ஏதோ உளறுகிறான் என்ற அலட்சியத்தில் ஆரம்பிக்கிற முகம், கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் இழுபட்டு, கண் சுழன்று, வாய் பிளந்து, உடம்பு நாற்காலிக்குள் ஒடுங்கிக்கொண்டே போகும். பேயும் இல்லை, காடும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை. திரையில் இருப்பது ஓர் அறை, இரண்டு ஆட்கள். பயம் முழுக்க அந்தக் கிழவரின் முகத்தில்தான் படமாக ஓடுகிறது. நாகேஷ் காதுக்கு, பாலையா கண்ணுக்கு. இரண்டையும் ஒரே காட்சியில் பூட்டத் தெரிந்தவர் ஸ்ரீதர். நாகேஷைப் பற்றி எழுதியதில் கால்வாசிகூட நாம் பாலையாவைப் பற்றி எழுதவில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம். 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் தவில்காரராக அவர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே போதும், பக்கத்தில் சிவாஜி இருக்கிறார் என்பதே சில நொடி மறந்துபோகும்.

அந்தப் படத்திலும் காது முன்னால் வருகிறது. திரையில் வாசிப்பவர் சிவாஜி, கேட்கிற நாகஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஆனால் 'நலந்தானா' பாட்டில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அடிபட்டு வந்திருக்கிறவனிடம் நாட்டியக்காரி மோகனா பாட்டாலேயே நலம் விசாரிக்கிறாள். அவன் வாயில் நாகஸ்வரம் இருப்பதால் சொல்லால் பதில் சொல்ல முடியாது. கேள்வி காதில், பதில் கண்ணில். சபை நடுவே இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து தமிழ் சினிமாவில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை.

1970களின் பிற்பகுதியில் தராசு கண் பக்கம் சாய்ந்தது. வசனத்தைப் பிறகு டப்பிங்கில் போட்டுக்கொள்ளலாம் என்றான பிறகு, எடை குறைந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்கள். மைக் எட்டும் தூரத்தில் யாரும் நிற்கத் தேவையில்லை. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே', அடுத்த வருடம் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்', அதற்கடுத்த வருடம் 'உதிரிப்பூக்கள்'.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் மகேந்திரன்தான். சிவாஜி போலீஸ் அதிகாரியாக முழங்கிய 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அவர். அந்தக் கைதான் நான்கு வருடம் கழித்து வசனத்தைப் பாதிக்கு மேல் அடித்துப்போட்டது. 'முள்ளும் மலரும்' முடிவை யோசித்துப் பாருங்கள். ஒரு கை போன காளி, தங்கையைத் தனக்குப் பிடிக்காத இன்ஜினியருக்கே கட்டிக்கொடுக்கச் சம்மதிக்கிறான். வழக்கமான படம் என்றால் அங்கே ஒரு பக்கத்துக்குப் பாசமும் மன்னிப்பும் கொட்டியிருக்கும். இவனோ, இப்போதும் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளையிடமே சொல்லிவிட்டு அனுப்புகிறான். ஒற்றை வரி. மனிதன் மாறவே இல்லை, ஆனால் தங்கை தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவனுக்குப் போதுமாக இருக்கிறது. பாலு மகேந்திராவின் கேமரா மலைச்சரிவையும் மனிதர்களையும் ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

'உதிரிப்பூக்கள்' இன்னும் கடுமையானது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட வேறு கதையாகவே செய்த படம். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு அடித்து உதைக்கிற வில்லன் இல்லை. வெள்ளை வேட்டியும் நிதானமான குரலுமாக, பக்கத்தில் இருப்பவர்களை அரித்துத் தின்கிற ஆள். கடைசியில் ஊரே கூடி அவனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்கிறது. அவன் திரும்பி, உங்களையெல்லாம் என்னைப்போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற பொருளில் ஏதோ சொல்கிறான். அதுவரைக்கும் அவன் சாவை எதிர்பார்த்துக் காத்திருந்த நமக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். பிறகு ஆறு, கரை, அவனுடைய இரண்டு குழந்தைகள். இந்த இடத்தில் கண்ணை மூடினால் கிடைப்பது வெறும் தண்ணீர்ச் சத்தம்தான். மெதுவான படம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். 1988இல் வந்த 'வீடு' படத்தையும் சொல்லலாம். பாட்டு கிடையாது. ஒரு வீடு கட்டுவதைத் தவிரக் கதையும் கிடையாது. பாதி எழும்பிய சுவர்களுக்கு நடுவே சொக்கலிங்க பாகவதர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற நேரத்தை யாராலும் வேகப்படுத்த முடியாது.

இப்போது அதே சோதனையை உங்கள் காலத்துப் படங்களிடம் கொண்டுவருகிறேன். இங்கேதான் நீங்கள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

பெரிய நடிகர் ஒருவரின் புதிய படம் எதையாவது எடுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கதாநாயகன் வந்துவிட்டானா? தெரியும், பின்னணி இசையில் அடி விழுகிறது. கோபப்படப் போகிறானா? தெரியும், இசை ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கிறது. இடைவேளை வருகிறதா? அதுவும் தெரியும். வசனம் செய்துகொண்டிருந்த வேலையைப் பின்னணி இசை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கு ரசிகர்கள் வசனத்தைக் கூடவே சொன்னார்கள். இன்றைக்கு அனிருத்தின் தீம் இசையை வாயால் போட்டுக்கொண்டே தியேட்டருக்குள் போகிறார்கள். ஸ்லோமோஷனில் ஒருவர் நாற்பது நொடி நடந்து வருவதைக் கைதட்டிப் பார்க்கிற நீங்கள், நாற்பது நொடி ஒருவர் நின்று பேசினால் நெளிகிறீர்கள். இரண்டிலும் கதை நின்றுதான் இருக்கிறது. முன்னதன் காதுச் சுவை உங்களுக்குப் பழகியது, பின்னது பழகாதது. வேகம் என்று நீங்கள் சொல்வதில் பாதி பழக்கம்.

இழுவை என்ற பொருளில் சொல்கிற 'லேக்' என்ற சொல்லும் இப்படித்தான் சீரழிந்துவிட்டது. 'ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்' என்பதே இன்று முழு விமரிசனம். 2024இல் வந்த 'மெய்யழகன்' இரண்டு பேர் ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருக்கிற படம். பேச்சுதான் அதன் சண்டைக்காட்சி, பேச்சுதான் அதன் பாட்டு. நீளமாக இருக்கிறது என்ற புகார் வந்ததும், வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். சில இடங்கள் வழவழவென்று இருந்தது உண்மைதான். ஆனால் பேச்சுக்காக எடுத்த படத்தில் பேச்சை வெட்டுவது கச்சேரியில் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுகிற நிரவலை வெட்டுகிற மாதிரி. எந்த 18 நிமிடம், ஏன் என்று எத்தனை விமரிசனம் பேசியது?

மறுபக்கம், உங்கள் காலத்தில் கண்ணுக்கும் மௌனத்துக்கும் வேலை கொடுக்கிற படங்கள் என் காலத்தைவிட அதிகம். இதைச் சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. 'பரியேறும் பெருமாள்' கடைசி ஷாட்டில் இரண்டு தேநீர்த் தம்ளர்கள், நடுவே ஒரு மல்லிகைப்பூ. அதற்குமுன் இரண்டு மணி நேரம் நடந்த அவமானமும் ரத்தமும் அந்த மேசையின்மேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. 'பராசக்தி' காலத்தில் இந்த இடத்துக்கு ஐந்து பக்க வசனம் எழுதியிருப்பார்கள்; அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' என் சோதனையையே கேலிசெய்கிறது. பின்னணி இசை கிடையாது. கதாநாயகி படம் முழுக்க வாயே திறப்பதில்லை என்று சொல்லிவிடலாம். அப்படியென்றால் கண் படம்தானே என்று நினைத்துக் கண்ணை மூடினேன். ஆட்டோவின் இரைச்சல், இருமல், சேவலின் படபடப்பு, சூரியின் கட்டிப்போன தொண்டையிலிருந்து வரும் அதட்டல். அவள் பேசாததே காதில் கேட்கிறது. காதுப் படமா, கண் படமா? எனக்கு இன்னும் விடை இல்லை. இப்படி ஒரு படம் என் அளவுகோலை உடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? 'பராசக்தி'யிலிருந்து வேண்டாம், அது காது பழகிய பிறகு. முதலில் 'காதலிக்க நேரமில்லை', பிறகு 'அந்த நாள்', பிறகு 'தில்லானா மோகனாம்பாள்'. அதற்கப்புறம் நேராக 'உதிரிப்பூக்கள்'. நடுவில் விட்டதைப் பின்னால் நீங்களே தேடிப்போவீர்கள். நல்ல பிரதியாகப் பாருங்கள். அந்தக் காலப் படச்சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். அகலத் திரைக்காக அதை இழுத்தால் சிவாஜி குண்டாகத் தெரிவார், வெட்டினால் தலை போய்விடும். பாதிப்பேர் 'பழைய படம் பார்க்க நன்றாக இல்லை' என்று சொல்வது இந்தக் கொலைகளைப் பார்த்துவிட்டுத்தான். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பழுதுபார்த்து 2012இல் மறுபடி வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டி ஓடியது. அப்போது தியேட்டரில் என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். கைப்பேசி வாங்கி வைத்துக்கொண்டு யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

கூடவே சகித்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதி வரும். படித்த பெண்ணை அடக்கி உட்காரவைக்கிற உபதேசம் வரும். அவற்றைக் 'காலத்தின் கோலம்' என்று மழுப்ப வேண்டியதில்லை. திட்டிக்கொண்டே பாருங்கள், நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

கடைசியாக, உங்கள் காலத்துப் படம் ஒன்றையே சொல்கிறேன்: லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. மலையாளக்காரர் ஒருவர் தமிழ்க் கிராமம் ஒன்றில் பேருந்தை நிறுத்தி இறங்கி, காணாமல்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். கேமரா பெரும்பாலும் அசையாமல் ஓர் ஓரமாக நிற்கிறது. ஆனால் படம் முழுக்க எங்கோ ஒரு வீட்டு டிவியிலிருந்தோ ரேடியோவிலிருந்தோ பழைய தமிழ்ப் படப் பாட்டும் வசனமும் ஓயாமல் வழிந்துகொண்டே இருக்கின்றன. சுந்தரத்தின் அம்மாவுக்குக் கண் தெரியாது. நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊரே வந்தவனைச் சந்தேகத்தோடு முறைத்துக்கொண்டிருக்க, அவள் அவனைத் தன் பிள்ளையாகவே பேசவிடுகிறாள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தையல்காரர் ஞாபகம் வந்தார். கண் ஊசியில்தான் இருந்தது, ஆனால் பாலையா எப்போது கண்ணை உருட்டுவார் என்று அவருக்குத் தெரியும்.